பதினைந்து வேற்றுமை

ஓரின்,
பத்தொன்பது வயதில் உன்னை மூப்பர் என்று அழைக்கிறார்கள்.
சட்டைப் பையின் மேல் கறுப்புப் பெயரட்டை.
இங்கே ஐடஹோவில் அப்பா இன்னும் பொடியன் என்றுதான் சொல்கிறார்,
அதுவும் பேசுகிற நாளில்.

உன் திங்கட்கிழமைக் கடிதம் வந்தபோது
லாரியில் இருந்தேன்,
பிளாக்ஃபுட் ஆலை வாசலில்,
இருபது டன் உருளைக்கிழங்கோடு, வரிசையில் பதினோராவது ஆளாக.
ஏழு வாரமாக ஒரு கதவும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தாய்.
திறந்த ஒன்றும்
ஏலக்காய் ரொட்டி ஒன்றை நீட்டிவிட்டு
மூடிக்கொண்டதாம்.
பாதியை உன் கூட்டாளிக்குக் கொடுத்ததை
நீ எழுதவில்லை.
கொடுத்திருப்பாய். தெரியும்.

ஃபின்னிஷ் மொழியில் பதினைந்து வேற்றுமையாம்.
வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டை நோக்கி,
வீடில்லாமல் என்பதற்கும் தனியாக ஓர் உருபாம்.
மற்றதெல்லாம் குழம்புகிறது, அது மட்டும்
முதல் நாளே நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று எழுதி
பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்திருந்தாய்.
நான் சிரிக்கவில்லை.

அம்மா சமையலறைக் கடிகாரத்தை ஊலு நேரத்துக்கு மாற்றிவிட்டாள்.
ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடுகிறது வீடு.
டெஸ்லின் இரண்டு முறை பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டாள்.
காலை ஏழு மணிக்கு முட்டை உடைத்துக்கொண்டே
"அவனுக்கு இருட்டியிருக்கும் இந்நேரம்" என்கிறாள் அம்மா.
ஒருவரும் முள்ளைத் திருப்பி வைக்கவில்லை.

இரவு ஜெபத்தில் உன் பெயர் வந்ததும்
அப்பா நின்றுவிடுகிறார்,
டீசல் தீர்ந்த டிராக்டர் மாதிரி.
கண் திறக்காமல் காத்திருக்கிறோம்.
எவ்வளவோ கழித்து ஆமென் வருகிறது.
நடுவில் என்ன கேட்டார் என்பது
அவருக்கும் பரலோகப் பிதாவுக்கும் இடையில்.

ஒன்று சொல்கிறேன். நீ கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.
துல்சாவிலிருந்து ஒன்பதாம் மாதமே நான் திரும்பிய இரவு.
கை நடுக்கம், உறங்காத கண், மருத்துவர் எழுதிய ஒரு தாள்.
விமான நிலையத்தில் பதாகையும் பலூனும் நிறைய,
எல்லாம் வேறொரு பையனுக்கு.
எனக்கு அப்பா மட்டும்,
கையில் என் பழைய நீலக் கோட்டு.
வழியெல்லாம் ஹீட்டர் முன்னால் வைத்து ஓட்டி வந்திருக்க வேண்டும்,
தொட்டால் சுட்டது.
ஏன் என்று கேட்கவில்லை. தோளில் போட்டார்.
ஞாயிறு வகுப்பில் கிருபை என்ற சொல்லை
எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்.
அதற்கு உள்துணி கிழிந்திருக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது.

ஆகவே, இரு என்று சொல்ல எனக்கு வாயில்லை.
வந்துவிடு என்றும் சொல்லமாட்டேன்.
கோட்டு ஆணியில் தொங்குகிறது, அவ்வளவுதான்.

ஆனால் மூன்றாம் பத்தியில்
"நான் எதற்கும் ஆகாதவன்" என்று எழுதினாயே,
அம்மாவுக்கு வாசித்தபோது அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.
பொய் சொல்லலாமா, மூப்பரே?
உனக்குப் பன்னிரண்டு வயது, மார்ச் மாதம்,
எழுந்து நிற்க மாட்டாத அந்தக் கன்று.
இரவு முழுக்க வைக்கோலில் உட்கார்ந்து
அதன் தலையை மடியில் வைத்திருந்தாய்.
விடியும்போது அது இல்லை.
நீ புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
மற்ற மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனாய்.
அன்றைக்கு உன்னை யாரும் மூப்பர் என்று அழைக்கவில்லை.

நாளைக்கு அந்த ரொட்டிக்காரி வீட்டுக்குப் போ.
புத்தகம் வேண்டாம், பதினைந்தில் ஒன்றும் வேண்டாம்.
மண்வாரி ஒன்று கடன் வாங்கி
வாசல் பனியைத் தள்ளிவிட்டு
மணியடிக்காமல் வந்துவிடு.

வரிசை நகர்கிறது, பின்னால் ஹாரன்.
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்து உனக்காகக் கேட்டுக்கொண்டேன்.
இன்னும் கேட்கிறேன் நானும், எல்லோரிடமும் சொல்லாதே.

அம்மா விசாரிக்கச் சொன்னாள்:
கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா?
இரண்டு ஜோடி.
பெரியது உன் கூட்டாளிக்கு.

மாரென்