எத்தனை அங்குலம்?

தொலைபேசியை எடுத்தால்
யாரும் நலம் கேட்பதில்லை.
எத்தனை அங்குலம்
என்றுதான் கேட்கிறார்கள்.

பெட்ரோல் பம்பை ஒட்டிய கம்பத்தில்
ஆர்விட் சிவப்புக் கோடுகள் போட்டிருக்கிறார்,
தரையிலிருந்து ஆறடி வரை.
நல்ல ஆண்டுகளில்
கோட்டைத் தோண்டி எடுத்துத்தான் படிப்போம்.
இன்று ஜனவரி பதினேழு.
இரவெல்லாம் மழை.
நாலு அங்குலம்,
அதுவும் கம்பத்தின் வடக்கு நிழலில்.

பதினோரு அறைகள் எங்களுக்கு.
எட்டாம் எண்ணில் மட்டும் வெந்நீர் வரத் தாமதமாகும்,
முன்பே சொல்லிவிடுவோம்.
பனிவண்டிகளை இறக்கிவைக்கச் சூடேற்றிய கொட்டகை உண்டு.
டிரெய்லரை ஒரே மூச்சில் திருப்ப வாகான முற்றம் உண்டு.
ஈர பூட்ஸைத் தலைகீழாய்ச் செருக
சுவர் நெடுகக் குழாய்கள்,
ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து வெதுவெதுப்பாய்க் காற்று.
மூடிப்போன பள்ளிக்கூடத்திலிருந்து
ஆர்விட் கழற்றிவந்தவை அவை.
நாற்பது கால்கள் ஒரே இரவில் காயும்.

காயும்போது எழுகிற நாற்றம் இருக்கிறதே,
எஞ்சின் எண்ணெய், கம்பளி, ஆண்பிள்ளை வியர்வை:
பழகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.
நடு பிப்ரவரியிலும் ஜன்னலைத் திறந்துவைப்பேன்.
இந்த ஆண்டு இன்னும் திறக்கவில்லை.

மேற்கே ஒன்பது மைலில்
மெர்ல் என்பவன் விடுதி வைத்திருக்கிறான்.
அவன் பதினெட்டு என்கிறான்.
எந்த ஊர்ப் பதினெட்டு என்று
யாரும் கேட்பதில்லை.
அவன் முற்றத்தில் வண்டிகள் நிற்கின்றன.

காலையில் டொலிடோவிலிருந்து க்ளேட்டன்.
ஆறு பேர், மூன்று அறை, நாலு இரவு.
வங்கிக் கடிதம் இருக்கும் இழுப்பறை
என் முழங்காலில் இடித்தது.
எத்தனை அங்குலம்?
நாலு.
கம்பியில் மழை இரைச்சல்.
நாற்பதா?

கேள்வியிலேயே பதிலைச் சுட்டு
தட்டில் வைத்து நீட்டுகிறார் மனிதர்.
நான் ஒன்றும் சொல்லவேண்டாம்,
சும்மா இருந்தால் போதும்.
ஆர்விட் காபிக் கோப்பையோடு
என்னைப் பார்க்காமல் நின்றார்.
அவர் பார்க்காமல் நிற்பதை நான் பார்த்தேன்.

நாலு, என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

பையன்களிடம் பேசிவிட்டு அழைக்கிறேன் என்றார்.
பொய் சொன்ன வாய்க்குச் சோறு கிடைக்காது என்பார்கள்.
இந்த ஏரிக்கரையில் எந்த வாய்க்குக் கிடைக்காது என்று
நேரில் வந்து பார்த்துப்போகட்டும்.

மதியம் லோரீன் வந்தாள்.
இரவெல்லாம் பாதையைச் சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறவள்,
சமன்செய்ய ஏதுமில்லாமல்
பகலில் விழித்திருக்கப் பழகுகிறாள்.
மூன்று கோப்பை குடித்தாள்.
காசு வைத்தாள். எடுத்துக்கொண்டேன்.

இருட்டியபின் விளக்கொளி.
விஸ்கான்சின் எண் பலகை,
தார்ப்பாய் போர்த்திய டிரெய்லர்.
ஆர்லிஸ், நடீன், அக்கா தங்கை,
இருவருக்கும் ஐம்பதுக்கு மேல்.
கேட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றேன்.
கேட்டிருந்தால் வந்திருக்கமாட்டோம் என்றாள் நடீன்.

வண்டிகளை இறக்கவில்லை.
முற்றத்துச் சேற்றில் கணுக்கால்வரை இறங்கி,
வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன்,
உள்ளே வந்து
நாலு பூட்ஸையும் குழாய்களில் செருகினார்கள்.
பிறகு சவுனாவுக்குப் போய்
அங்கிருந்து ஏதோ சிரித்தார்கள்.
எட்டாம் எண்ணைத் தருவதா என்று யோசித்து
மூன்றைத் தந்தேன்.

பதினொன்றரைக்குத் தொலைபேசி.
க்ளேட்டன்தான். பையன்கள் இன்னும் தூங்கவில்லையாம்.
இப்போது எத்தனை?

இருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.
ரிசீவரை மேசையில் படுக்கவைத்து,
ஆர்விடின் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு
டார்ச்சோடு இறங்கினேன்.
கொட்டகையைக் கடக்கும்போது
அந்த நாற்றம் லேசாக.
ஜன்னலைத் திறக்குமளவுக்கு இல்லை.

கம்பத்தின் வடக்கே குனிந்தேன்.
கோடு நனைந்து மின்னியது.
மூன்று.
மூன்றரை என்றுகூடச் சொல்லலாம்,
புல்லையும் சேர்த்து அளந்தால்.