விலை சொல்லும் பயிற்சி

கோணேசபுரி வளாகம். வியாழன், பிற்பகல் இரண்டு மணி.
கடல் பக்கத்து யன்னலைச் சாத்தச் சொன்னேன்,
இல்லாவிட்டால் காற்று
என் குறிப்புத் தாள்களை எனக்கு முன் விநியோகித்துவிடும்.

பாடத்தின் பெயர் தொழில் முனைவு.
எனக்குத் தெரிந்தது மின்சுற்று.
பன்னிரண்டு வருடமாக இருபத்தைந்தாம் திகதி சம்பளம்;
இதுவரை ஒரு முட்டைகூட விற்றதில்லை.
"நீங்கள் நல்லாக் கதைப்பீங்கள்தானே" என்று
துறைத்தலைவர் நேரசூசியில் என் பெயரை எழுதிவிட்டார்.

மூன்று பேர் ஒரு கருவி செய்திருந்தார்கள்.
ஐஸுக்குள் கிடந்து
சூரைமீனின் குளிரைக் கைப்பேசிக்குச் சொல்லும் கருவி.
நுஸைக்கா ஈயம் பற்றவைத்தாள். துவாரகன் நிரல் எழுதினான்.
உறைக்கு, கந்தளாயில் தகப்பனின் வயல் குழாயில்
ஒரு சாண் அறுத்துவந்தான் இசுறு
(தகப்பனுக்கு இன்னும் தெரியாது).
அரைப் பாகைக்குள்தான் பிழை.
வகுப்பு கைதட்டியது.
யார் வாங்குவார்கள் என்று கேட்டேன்.
மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
நானும் சேர்ந்து பார்த்தேன்.

விடிய நாலரைக்குக் கொட்பே துறைமுகம்.
டீசல் மணம், ஈரச் சீமெந்து,
ஐஸ் நொறுக்கும் சத்தத்தில்
யாருக்கும் யாரும் வணக்கம் சொல்லவில்லை.
லொறிக்காரன் றிபாஸுக்கு முப்பது இருக்காது.
பணிஸைக் கடித்தபடி கருவியைப் புரட்டினான்.
"ஐஸ் காணுமா காணாதா எண்டு கைய விட்டாத் தெரியும், மிஸ்.
ஹபரணையில நிண்டு
ஆரோ கதவத் திறக்கிறான். எத்தின தரம்?
அதச் சொல்லுமா இது?"

துவாரகனின் கண்ணுக்குள் வரைபு ஒன்று ஓடியதைக் கண்டேன்:
கதவு திறந்தால் சூடு ஏறும், மூடினால் இறங்கும்,
ஒவ்வொரு திருட்டும் ஒரு சிறு மேடு.
"சொல்லும்" என்றான். அந்நேரம் அது சொல்லாது.

"எவ்வளவு?"

தொகையீடு தெரியும். பூரியர் தொடர் தெரியும்.
ஒரேயொரு எண்ணை
வாயால் வெளியே விடத் தெரியவில்லை.
துவாரகன் உதிரிப்பாகங்களை விரலில் கூட்டத் தொடங்கினான்.
"சும்மா வச்சுப் பாருங்க" என்றாள் நுஸைக்கா.
றிபாஸ் பணிஸின் மிச்சத்தைக் காகத்துக்கு எறிந்துவிட்டு
அடுத்த பெட்டியைத் தூக்கப் போனான்.

மறு வியாழன் படவில்லைகளைத் திறக்கவில்லை நான்.
எழும்பி நில். விலையைச் சொல். பத்து எண்ணும்வரை வாயை மூடு.
அவ்வளவுதான் பாடம்.

"பதினெட்டாயிரம்... ஆனா..."
ஆனா இல்லை, நுஸைக்கா.
"பதினெட்டாயிரம்."
நாலு எண்ணுவதற்குள் பர்தாவின் நுனியைக் கசக்கினாள்.
துவாரகன் ஏழில் உடைந்தான்: "குறைக்கலாம்!"
பின்வரிசை மேசையைத் தட்டிச் சிரித்தது.
பத்தும் தாண்டி நின்றவன் இசுறு மட்டும்.
அதற்குமேல் தமிழ் வரவில்லையாம்.

அவனையே அனுப்பினோம்.
பதினாறரைக்கு முடிந்தது, பாதி கையில், பாதி பெருநாளுக்குப் பிறகு.
நோட்டுகளில் செதில் ஒட்டியிருந்தது.
நுஸைக்கா அதை நகத்தால் சுரண்டாமல்
அப்படியே கொப்பிக்குள் வைத்தாள்.

புள்ளித்தாளில் திட்ட அறிக்கைக்கு நாற்பது,
முன்வைப்புக்கு முப்பது.
மௌனத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

இதை வகுப்பில் சொல்லவில்லை:
நேற்று டவுனில் ஒரு தனியார் நிறுவனம் அழைத்தது.
சனிக்கிழமைகளில் இதே பாடம்.
"எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க, மிஸ்?"
"நீங்களே பார்த்துத் தாங்கோ" என்றேன்.
தொடர்பு அறுந்த பிறகு
ஒன்று, இரண்டு, மூன்று என்று
பத்துவரை எண்ணிக்கொண்டு நின்றேன்.