ஏழாவது குழி

மிக்ரோ கடையின் பிளாஸ்டிக் பையில்
குளியல் துவாலையில் சுற்றி
குலத்தின் முடியணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்
ஒட்டீலியா ஃபொன் ஹெல்ட்ரிங்கன்.
முதலில் கேட்டது விலையை அல்ல.
"கீழே வண்டியை ஒரு மணி நேரம்தான் நிறுத்தலாமாம்.
அதற்குள் முடிந்துவிடுமா?"

ஜெனிவாவில் நவம்பர்.
ஏலத்துக்குப் பன்னிரண்டு நாள்.
ஏரியைக் காணவில்லை, பனிமூட்டம்.
நான் கற்களுக்குச் சாதகம் கணிப்பவள்:
எடை, நிறம், பிறந்த ஊர்,
நெருப்புப் பட்டதா இல்லையா.
நீலம் சனிக்குரிய கல் என்று
வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

பதினொன்று என்கிறது
மாளிகைச் சுவரில் தொங்கிய ஓவியத்தின் நகல்.
எண்ணினேன். பத்து.
நடுக்கல்லுக்கு வலப்பக்கம், ஏழாவது குழியில்
நான்கு பொன்நகங்கள்
இறுக்கிப் பிடித்திருந்தன
ஒன்றுமில்லாததை.

"அதுவா?"
கையுறையைக் கழற்றி மடித்தார்.
நாற்பத்தேழு சனவரி.
மாளிகையில் கிழக்கிலிருந்து வந்த அகதிகள் நாற்பது பேர்.
பியானோவை எரித்தாயிற்று.
பெரியத்தை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்து
பன்றிப் பண்ணைக்காரனிடம் கொடுத்தாள்.
மூன்று மூட்டை உருளைக்கிழங்கு,
அதில் ஒரு மூட்டை அழுகல்.
கல் இப்போது எங்கே என்று கேட்டேன்.
"யார் கண்டது,
பொத்தான் டப்பாவில் கிடக்கலாம்,
கோழி விழுங்கியிருக்கலாம்."

பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்போம், நாங்கள்.
இவர்கள் கிழங்கு வைத்திருக்கிறார்கள்.
பூவைத் தின்ன முடியாதுதான்.

கல் ஒன்று குறைவு என்று
மதிப்பீட்டில் அறுபதாயிரம் பிராங்க் கழித்தார்கள்.
மூன்று மூட்டைக்கு நல்ல விலை.

மீதிப் பத்தையும் லென்சின் கீழ் வைத்தேன்.
உள்ளே பட்டிழை மாதிரி ஊசிகள்.
நடுக்கல்லில், யாரோ ஈரவிரலால் தொட்டதுபோல ஒரு ரேகை.
குறைகள்தாம் சாட்சி.
குறையே இல்லாத கல்லுக்கு ஊர் சொல்ல முடியாது.
பிறப்பிடம்: இலங்கை.
சூடுபட்ட அடையாளம்: இல்லை.
தட்டச்சில் விரல் நின்றது.
இருபத்தாறு வயதில், வல்லோர்பில், ஒரு சாம்பல்நிற மேசை முன்
என்னிடமும் பிறப்பிடம் கேட்டார்கள்.
சான்று கேட்டார்கள், முழங்கைத் தழும்பைக் காட்டினேன்.
சூட்டினால் வந்ததென்று உறுதிப்படுத்த இயலவில்லை
என்று எழுதினார்கள்.
கல்லுக்கு அந்த வரி விலையை ஏற்றும்.
எனக்கு நாலு வருடம் இழுத்தது.

"முடிந்ததா?" என்றார் ஒட்டீலியா.
ஐம்பத்திரண்டாவது நிமிடம்.

ஏலத்தில் வாங்கியது ஒரு தொலைபேசி.
எண் முந்நூற்றுப் பதினெட்டு.
கூரைக்குப் பாதி, கொதிகலனுக்குக் கொஞ்சம்,
வரிக்கு மிச்சம்.

பிப்ரவரியில் கற்கள் மட்டும் திரும்பி வந்தன,
வேறொரு நிறுவனத்தின் பெயரில்,
தனித்தனிக் காகித மடிப்புகளில்.
மறுபடி பட்டை தீட்டியிருந்தார்கள்.
நாற்பத்தொரு காரட் நடுக்கல்
முப்பத்தாறாய் இளைத்திருந்தது.
ஓவியத்தைப் பக்கத்தில் வைத்தாலும்
இனி எவருக்கும் அடையாளம் தெரியாது.
லென்சைக் கிட்டக் கொண்டுபோனேன்.
ரேகையில் பாதி தப்பியிருந்தது.

முன்பு யார் தலையில் இருந்தாய்
என்று கேட்கும் கட்டம் எங்கள் படிவத்தில் இல்லை.
புதுச் சாதகம் எழுதினேன்.
பிறப்பிடம் அதேதான்.

பொன்னை முழுக்க உருக்கியிருப்பார்கள் என்றே நினைத்தேன்.
ஏப்ரலில் ஓர் அஞ்சலட்டை,
பின்பக்கம் புதுக் கூரையின் படம், சற்றே கோணலாய்.
"ஏழாவது குழியை மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன்.
கல் இல்லாததால் இலவசம்.
கொதிகலன் அறைச் சாவியோடு கோத்திருக்கிறேன்.
நகங்கள் இன்னும் கூர்.
கோட்டுப் பையைக் கிழிக்கிறது,
சனியன்."