உப்புத்தாள்

விவாகரத்துக் காகிதத்தில்
வீடு இருக்கிறது, கார் இருக்கிறது,
மூன்று நாற்காலிகள்கூட இருக்கின்றன.
படகு இல்லை.
பத்தொன்பது அடியை எங்கே வைத்து அறுப்பது?
ஆகவே ஏப்ரலின் முதல் சனிக்கிழமை
ஓருஸ்ட் தீவின் படகுக் கொட்டகைக்கு
தூரே ஒரு வழியாக வருகிறான்,
நான் ஒரு வழியாக.

அவன் கையில் வார்னிஷ் டப்பா.
என் கையில் பெயின்ட்.
ரசீதை இருவருமே பத்திரமாக வைத்திருந்தோம்.

"மஹாகனிக்குப் போய் பெயின்டா?" என்றான்,
குழந்தைக்குச் சாராயம் கொடுத்தவளைப் பார்ப்பதுபோல்.
பெயின்ட் என்றால் பூசி மெழுகுவது,
உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது,
வார்னிஷ் எதையும் மறைக்காது,
இது அவன் கட்சி.

என் கட்சி சின்னது.
வார்னிஷுக்கு ஏழு பூச்சு.
ஒவ்வொன்றும் காய ஒரு நாள்.
ஒவ்வொன்றுக்கும் நடுவே உப்புத்தாள்.
ஆகஸ்டு வெயிலில் வெடிப்பு விடும்,
அக்டோபரில் வெங்காயத் தோலாய் உரியும்,
அடுத்த ஏப்ரலில் மறுபடி முதலாம் பூச்சு.
பதினொரு வருஷம் இதைச் செய்தது யார்
என்று நான் கேட்கவில்லை.
கேட்காதது அவன் காதில் விழுந்தது.

என் டப்பாவின் நிறத்துக்கு 'ஈர மணல்' என்று பெயர்.
இரண்டே பூச்சு.
நாலு வருஷத்துக்குக் கவலையில்லை
என்று கடையில் மாய்வோர் சொன்னாள்.
நாலு வருஷம்!
எனக்கு அந்த நிறம்கூட அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எதைப் பூசினாலும் பழையதைச் சுரண்டியாக வேண்டும்.
அதில் மட்டும் தகராறு இல்லை.
அவன் இடது விளிம்பு, நான் வலது.
சுரண்டிக்குக் கீழே
தேன்நிறச் சுருள் சுருளாகப் போன வருஷம்,
அதற்கு அடியில் அதற்கு முந்தின வருஷம்.
ஓரிடத்தில், கோந்துக்குள் எறும்புபோல்,
ஒரு கொசு.
அது எந்தக் கோடையின் கொசுவோ.

அணியத்துக்கு அருகே, மூன்றாவது திருகாணிக்குக் கீழே
கறுப்பாய், மூன்று விரல் அகலம்.
நகம் வைத்தேன்.
ஊறிய ரொட்டிபோல் உள்ளே போயிற்று.

"இதை எப்போது பார்த்தாய்?"
"போன வருஷம்" என்றான். "நீ?"
"அதற்கு முந்தின வருஷம்."

வார்னிஷ் மறைக்கவில்லைதான்.
கண்ணாடிக்குள் வைத்ததுபோல் காட்டிக்கொண்டுதான் இருந்தது.
பார்த்துப் பார்த்து
அதன்மேல் பூசியிருக்கிறோம்,
ஆளுக்கொரு வருஷம்.

பேசாமல் ரம்பம் எடுத்தான்.
நாற்பது சென்டிமீட்டர் வெட்டி எறிந்தோம்.
யால்மாரின் மரக்குவியலில் மஹாகனி இல்லை,
ஓக் துண்டு ஒன்று கிடைத்தது.
செதுக்கிப் பொருத்தினால்
சிவந்த விளிம்பில் வெளுப்பாய் ஒரு கட்டை,
பொய்ப்பல் மாதிரி.

தூரே சற்றுத் தள்ளி நின்று பார்த்தான்.
"பெயின்ட் அடித்துவிடலாம்" என்றான்.
"வேண்டாம், வார்னிஷ்" என்றேன் நான்.

அப்படியே கட்சி மாறி
இன்னும் ஒரு மணி நேரம் வாதாடினோம்.
அவன் என் வார்த்தைகளையே பேசினான்,
என்னைவிட நன்றாக.

கடைசியில் யால்மார்தான் சுவரைக் காட்டினார்.
வெப்பமானி எட்டு டிகிரி.
இரண்டு டப்பாவின் முதுகிலும் ஒரே வரி:
பத்துக்குக் கீழே பூசாதீர்கள்.
முப்பது வருஷத்தில்
எங்கள் இருவரிடமும் ஒன்றையே சொன்ன
முதல் ஆள் அந்த வரிதான்.

படகை மூடிவிட்டுக் கிளம்பினோம்.
டப்பாக்கள் அலமாரியில் பக்கம் பக்கமாக,
மூடி திறக்காமல்.
அடுத்த சனி சூடாக இருக்கும் என்கிறார்கள்.
அவர்கள் சொல்வதற்கென்ன.

இரவு மூக்கைச் சிந்தினேன்.
கைக்குட்டையில் செம்பொடி.
அவனும் சிந்தியிருப்பான்.