ஈரம் என்றொரு கட்டம்

காட்பாடியில் காலை பத்துக்கே நாற்பது டிகிரி.
ரெசினுக்கு இந்த ஊரில் நிதானம் கிடையாது.
கெட்டியாக்கியை ஊற்றினால் பதினொரு நிமிஷம்,
அதற்குள் கலக்கி, அச்சில் இட்டு, தட்டி,
கையும் கழுவியாக வேண்டும்.
கழுவியும் போகாத வாசத்தோடுதான்
மத்தியானம் எலுமிச்சை சாதம்.

மூன்று சாக்கு.
பள்ளிகொண்டா பக்கத்துக் கருங்கல் ஜல்லி,
எத்தனை அலசினாலும் கொஞ்சம் நீலப் புழுதி விடும்.
சூளையில் உப்பிய களிமண் உருண்டை, நெல்லிக்காய் அளவில்.
அப்புறம் கப்பலில் வந்த நுரைக்கல்.
லாரி ஏகாம்பரம் அதை வாளியில் மிதக்கவிட்டு,
"இன்னாம்மா, கல்லுன்னு பில்லு போட்டு
பொரிய ஏத்தி வுட்டுட்டானுங்க" என்றார்.

ஏழாம் நாள் அமுக்கும் மிஷின்.
கருங்கல் கட்டி எண்பதைத் தாண்டியும் மூச்சு விடவில்லை.
பிறகு ஒரே வெடி.
துண்டை விளக்கடியில் திருப்பினேன்:
உள்ளே ஒரு கல்லும் உடையவில்லை.
விரிசல் கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறது.
ரெசின் கைவிட்ட இடமெல்லாம் வழவழப்பான குழி,
பல் விழுந்த ஈறு.

நுரைக்கல் முப்பதுக்கே முறுக்காய் நொறுங்கியது.
ஆனால் அதன் துளைகளுக்குள் எல்லாம் ரெசின் புகுந்திருந்தது.
பாதிக் கல் இந்தத் துண்டில், பாதிக் கல் அந்தத் துண்டில்,
இரண்டையும் இன்னும் விடாமல்.

முபீனா எழுதினாள்: 31.4.
எப்படி உடைந்தது என்று எழுத
அட்டவணையில் இடமில்லை.

களிமண் கட்டிகள் மட்டும் கணக்கில் வரவில்லை.
நாற்பது, நாற்பத்தொன்று, பிறகு திடீரென்று பத்தொன்பது.
உருண்டையின் விகிதமா, அச்சா, மிஷினா என்று
அவள் மூன்று தாள் கிறுக்கும்வரை
நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வார்ப்பதற்கு முந்தின ராத்திரி கோடை மழை.
கூரை ஒழுகும் மூலையில் அந்தச் சாக்கு.
வாயைக் கட்டாமல் போனது நான்.
உருண்டை குடித்த தண்ணீரை
அடுப்பில் காயவைத்தவர் யாருமில்லை.
ஈரத்தின் மேல் ரெசின் ஒட்டாது.

சொன்னேன்.
அவள் திட்டவில்லை. ஸ்கேலை எடுத்து
அட்டவணை ஓரத்தில் புதிதாய் ஒரு கட்டம் இழுத்தாள்.
தலைப்பு: ஈரம்.
மற்ற சாக்குகளிலும் அளந்தோம்,
இரவு எட்டரை ஆயிற்று.

உடைந்த நுரைக்கல் கட்டியில் பாதியை
கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பையில் போட்டேன்.
பாகாயம் பஸ்ஸில் மடிமேல் இருப்பதே தெரியவில்லை.

வீட்டில் காற்று வந்தது.
கதவு அதையும் தள்ளிக்கொண்டு
சாத்திக்கொண்டது.