மீதித் தொகை இருநூற்றுப் பதினாறு

ஐயா,
நீங்கள் தந்த முப்பத்தெட்டாயிரத்துக்கு இது கணக்கு.
படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
எங்கள் ஊர் எந்தக் கட்டத்திலும்
முழுசாய் உட்காரமாட்டேன் என்கிறது.

'நீர்ப்பிடிப்புப் பகுதி எது' என்று கேட்டிருக்கிறீர்கள்.
புன்னைவலசையில் நீரைப் பிடித்துவைப்பது மணல்.
ஐப்பசியில் பெய்ததைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும்.
பங்குனியில் கேட்டால்
முழங்கை ஆழத்தில் அரைச் சிரட்டை தரும்.
கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல்.
மனுக்கொடுத்த ஆள் மாதிரி
ஒவ்வோர் ஊற்றின் அடியிலும் காத்துக்கிடக்கிறது.

ஜேசிபி, ஏழு மணி நேரம். ரசீது இணைத்துள்ளேன்.
ஊருணிக்கு வரும் கால்வாயில்
சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கியது எந்திரம்.
முள்ளை அள்ளியது நாங்கள்.
லூர்து சவேரி குதிகாலில் ஏறிய முள்ளுக்கு
ஊசி, மாத்திரை, ஆட்டோ முந்நூற்று நாற்பது.
'திட்டத்துக்குத் தொடர்பில்லாத செலவு' என்று
போனில் சொன்னீர்கள். சேர்க்கவில்லை.
அவள் இன்னும் நொண்டித்தான் பாசி எடுக்கப் போகிறாள்.

தண்ணீர் அளக்கும் மீட்டர் ஒன்று. பேனா மாதிரி இருக்கும்.
முதல் நாள் எல்லாவற்றிலும் முக்கினோம்:
டீயில், நீராகாரத்தில், பயல்களின் கோலி சோடாவில்.
கடலில் முக்கியபோது
எண் வராமல் கண்ணைச் சிமிட்டியது.
ஹைருன்னிசா சிரித்த சிரிப்பில்
கையிலிருந்து நழுவி விழுந்து, நல்லவேளை, உடையவில்லை.

அப்புறம் வாராவாரம் ஒன்பது ஊற்று, இரண்டு கிணறு,
ஒரு போர்.
அந்தப் போர் எங்கள் வீட்டுடையது.
குடம் எட்டு ரூபாய்.
ஊரில் பாதி அடுப்பில் எங்கள் தண்ணீர்தான் கொதிக்கிறது.

தையில் அறுநூற்று நாற்பது.
மாசியில் தொள்ளாயிரத்தைத் தாண்டியது.
பங்குனி முதல் திங்கள்: 1710.
எங்களைச் சுற்றியிருந்த ஊற்றுகளும் கூடவே ஏறின.
மீட்டர் பழுதென்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன்.
ட்ரான்ஸ்பார்மர் வெடித்து மூன்று நாள் கரண்ட் இல்லை;
மோட்டார் ஓடவில்லை.
நாலாம் நாள் ஹைருன்னிசா ஊற்றில்
இருநூறு இறங்கியிருந்தது.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் ஐயா.
கடலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது
எங்கள் வீட்டு ஒன்றரைக் குதிரைச் சக்தி.

கரும்பலகை, தொள்ளாயிரம் ரூபாய்.
ரேஷன் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது.
எல்லா எண்ணையும் எழுதவேண்டும் என்பது
குழு போட்ட தீர்மானம்; எழுதினேன்.
என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி
ஒரு காலைத் தரையில் ஊன்றி வாசித்துவிட்டுப் போனார்.
ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்:
"எழுத்து ஒன்னோடதா?"
"எண்ணு மெஷினோடது" என்றேன்.

மறுநாள் பலகையில் 710 என்றிருந்தது.
முன்னாலிருந்த ஒன்றை மட்டும் காணோம்.
அவர் கட்டைவிரலில் சுண்ணாம்பு.
வெற்றிலை போடாத மனுஷன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்றைத் திரும்பப் போட்டேன், கொஞ்சம் பெரிசாக.
இப்படி நாலு தடவை.
சாக்பீஸ் செலவும் இதில் சேர்க்கவில்லை.

ஐந்தாவது திங்கள் ஒன்று அழியவில்லை.
அன்றிலிருந்து மோட்டார் காலை பத்து மணிக்கே நின்றுவிடுகிறது.
ஏன் என்று அவர் சொல்லவில்லை.
நாளைக்குப் பன்னிரண்டு குடம் குறைச்சல்,
தொண்ணூற்றாறு ரூபாய்.
எண் இன்னும் இறங்கவில்லை; ஏறவுமில்லை.

எட்டாம் கட்டத்தில் 'சமூகப் பங்களிப்பு, பத்து சதவீதம்'
என்று இருக்கிறது.
இந்தத் தொண்ணூற்றாறை அதில் எழுதலாமா?
ரசீது கிடையாது.

மீதி இருநூற்றுப் பதினாறு கையில் இருக்கிறது.
திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள்.
மீட்டரின் பொட்டு பேட்டரி மங்குகிறது,
ஐப்பசிக்குள் மாற்றவேண்டும்.
வைத்துக்கொள்ளலாமா என்று
ஒரு வரி எழுதவும்.

இப்படிக்கு,
கு. முனீஸ்வரி,
பொருளாளர்.