417-க்கு வட்டி இல்லை

கீழமாசி வீதியில் பருப்பு மண்டி மாடியில்
முப்பத்தோரு வருஷமாக ஓடுகிறது ஒரு நிரல்.
நான் எழுதியது. பாதியை நானே மறந்துவிட்டேன்.
அது என்னை மறக்கவில்லை.
ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வரும்:
"சார், ஒரு பைசா உதைக்குது."

ஒரு பைசா.
அந்தக் காசே இப்போது நாட்டில் இல்லை.
மெஷினுக்குப் பத்தில் ஒன்றைச் சரியாகச் சொல்ல வராது,
நமக்கு மூன்றில் ஒன்று முடியாமல் நீள்கிறதே, அதுபோல.
விளக்கிப் பார்த்தேன். பெரியநாயகம் அண்ணாச்சி
துவரம் பருப்பை விரலில் உருட்டியபடி கேட்டார்,
"அப்ப அந்தப் பைசா எங்க போச்சு?"
இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அவரிடம் வரி என்றால் விற்பனை வரி.
என்னிடம் வரி என்றால் நிரலின் வரி.
இரண்டு பேருமே
ராத்திரியில் அதை நினைத்துப் புரண்டோம்.

ஒரு கணினி வியாழக்கிழமை மட்டும் நின்றுபோனது.
ஏழு வியாழன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
நல்ல பிள்ளையாக ஓடியது.
எட்டாவது வியாழன் டீ குடிக்க இறங்கினேன், நின்றது.
வியாழன் என்றால் வத்தல் லோடு வரும் நாள்.
அதன் காற்றாடி முழுக்க மிளகாய்த் தூசி.
நான் இருக்கும்போதெல்லாம்
தும்மல் தாளாமல்
ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

பிரிண்டருக்கு வலது விலாவில் ஒரு தட்டு வேண்டும்.
புதிது வாங்கிக் கொடுத்தோம்.
பழக்கத்தில் அதையும் தட்டினார்கள்.
இப்போது அதுவும் தட்டாமல் அடிப்பதில்லை.

எனக்குப் பிறந்தநாள் ஜூன் ஒன்று.
தலைமையாசிரியர் போட்டது.
திருமங்கலம் பள்ளியில் என் வகுப்பில்
பதினாலு பேர் அன்றைக்கே பிறந்தோம்.
காலியாக விட்டால் தானாக ஒரு தேதி
வந்து உட்காரும்படி நானும் எழுதியிருக்கிறேன்,
எத்தனையோ படிவங்களில்.
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உறுத்தும்.

வீட்டில் இரண்டாவது அடுப்பை
அழுத்தி, இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பி,
பிறகுதான் வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும்.
விருந்தாளிகளுக்கு எரியாது.
சண்டை போட்டால் மங்களேஸ்வரி
மூன்றாம் நாள் பால் விலையைப் பற்றி ஏதாவது சொல்வாள்.
"ஆமா, ஏத்திட்டான்" என்று நான் சொன்னால்
இணைப்பு வந்துவிட்டது என்று பொருள்.
இருபத்தாறு வருஷத்தில்
ஒரே ஒருமுறைதான் பதில் சொல்லத் தவறினேன்.
அதை எழுத வேண்டாம்.

சித்திரையில் தேர் வரும் காலை
மாசி வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துவார்கள்.
வருஷத்தில் அந்த ஒருநாள்தான்
சர்வரை முறைப்படி அணைக்கிறோம்.
மற்றபடி அது தூங்கியதில்லை,
மின்வெட்டில் மயங்கி விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
தேர் திரும்பியதும் போட்டால்
இரண்டு நாளைக்கு யாரோ புது ஆள்போல வேலை செய்யும்.

இப்போது எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள்.
விளாங்குடியிலிருந்து வந்த நிவாஸ்
என் வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறான்.
"சார், 417 வந்தா வட்டி போடாம தாண்டுதே, பக்கா?"

தொண்ணூற்றேழு தை மாசம்.
மூட்டுவலியோடு அண்ணாச்சி இந்த மாடி ஏறிய
ஒரே தடவை.
"நானூத்திப் பதினேழுக்கு வட்டி வேண்டாம்."
ஏன் என்றேன்.
"எழுதுங்க."
எழுதினேன். மேலே ஒரு குறிப்பும் வைத்தேன்,
ஆங்கில எழுத்தில் தமிழாக,
அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு:
காரணம் கேட்காதே.

மேலூர்ப் பக்கம் ஏதோ மளிகைக் கடை.
கடைசிச் சரக்கு இரண்டாயிரத்து ஒன்பதில்.
அண்ணாச்சி இல்லை.
மகனைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்.
மூன்று தடவை நானே நிரலைத் திருத்தி எழுதினேன்.
மூன்று தடவையும் அந்த வரி
கூடவே வந்தது.

"எடுத்துரலாமா சார்?"
"டீ சாப்பிட்டு வரேன்" என்று இறங்கிவிட்டேன்.

திரும்பி வந்தபோது
புது நிரலில் இருந்தது 417.
மேலே என் குறிப்பும்,
அந்த விட்டுப்போன எழுத்து
விட்டுப்போனபடியே.